திருவபிஷேகமும் ந்யாஸமும்: முடி காத்தவர்களைப் பற்றிய ஒரு விசாரம்

1. விஷயம்

ஸ்ரீமத் ராமாயணத்தில் திருமுடிசூட்டு விழாவுக்கான ஏற்பாடு இருமுறை விரிவாகச் சொல்லப்படுகிறது. அயோத்யா காண்டத் தொடக்கத்தில், நடவாமற்போன விழாவுக்காக ஒருமுறை. யுத்த காண்ட முடிவில், நடந்தேறிய விழாவுக்காக மறுமுறை. உபந்யாஸங்களில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்தே வழங்கி வருகின்றன. தசரதன் தன் குலத்து மணிமுடியைக் கருவூலத்திலிருந்து எடுத்துத் துலக்கி வைத்திருந்தான் என்றும், அம்முடி பதினான்கு ஆண்டுகள் பெருமாளுக்காகக் காத்துக் கிடந்தது என்றும் சொல்வார்கள். கேட்பவர்கள் கண்ணீர் பெருக்குவார்கள். அடியேனும் பெருக்கியதுண்டு.

ஆயினும் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் செய்தி அங்கே இல்லை. அயோத்யா காண்டத்து மூன்றாம் ஸர்க்கத்தில் அரசன் வேண்ட, வஸிஷ்டர் ஸம்பாரங்களை ஆணையிடுகிறார். பொன் முதலியன, ரத்னங்கள், பலிப்பொருள்கள், மூலிகைகள், வெண்மாலைகள், பொரி, தனித்தனியே தேனும் நெய்யும், கோடி வஸ்த்ரங்கள், தேர், ஆயுதங்கள், நால்வகைச் சேனை, நல்லிலக்கணம் அமைந்த யானை, இரு சாமரங்கள், கொடி, வெண்குடை, தீப்போல் ஒளிரும் நூறு பொற்குடங்கள், பொற்கொம்பு பூண்ட காளை, குறைபடாத புலித்தோல் என்று அந்தப் பட்டியல் செல்கிறது. மறுநாட்காலையில் இவை யாவும் அரசனுடைய அக்நி சாலையில் இருக்கவேண்டும் என்பது கட்டளை. பதினான்காம் ஸர்க்கத்தில் அதே முனிவர் ஸுமந்த்ரரிடம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன என்று மீண்டும் எண்ணிக் காட்டுகிறார். அங்கே கங்கை நீர்க் குடங்கள், அத்தி மரத்துப் பத்ரபீடம், ஸிம்ஹாஸனம், வாள், வில், பொற்கெண்டி ஆகியவையும் சேர்கின்றன. இரண்டு இடத்திலும் முடி என்று ஒரு பொருள் தனித்துப் பெயர் சொல்லப்படவில்லை.

சூட்டுவிழாவுக்கு எழுதிய பட்டியலில் சூட்டவேண்டிய பொருள் ஏன் இல்லை? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி, அரச சின்னங்களைக் காப்பது என்பதை நம் ஆசார்யர்கள் எவ்வாறு திருவுள்ளம் பற்றினார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விசாரத்தின் முடிவு திருவாபரணப் பெட்டியின் சாவியை வைத்திருக்கும் நம்மில் பலரையும் தொடும் என்பதால், இதை வெறும் பாட ஆராய்ச்சியாக வாசகர்கள் கொள்ளவேண்டா என்று விண்ணப்பிக்கிறேன்.

2. இரண்டு பூர்வபக்ஷங்கள்

முதற்பக்ஷம்: 'பொன் முதலியன, ரத்னங்கள்' என்ற பொதுச்சொல்லிலே முடியும் அடங்கும், தனியே சொல்ல வேண்டுவதில்லை. இதை ஏற்பதற்குத் தடை உண்டு. தேனையும் நெய்யையும் தனித்தனியே வை என்று சொல்லும் அளவுக்கு நுணுக்கமாகப் பேசுபவர் வஸிஷ்டர். காளையின் கொம்பு பொன்னால் அமையவேண்டும் என்பதையும் புலித்தோல் குறைபடாதிருக்க வேண்டும் என்பதையும் மறவாதவர், முடியை மட்டும் பொதுச்சொல்லில் அடக்கினார் என்பது பொருந்தாது.

இரண்டாம் பக்ஷம் இக்காலத்து இலக்கிய விமர்சகர் சிலருடையது. இத்தகைய பட்டியல்கள் காவியத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் அலங்காரங்கள். அவற்றில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பொருள் கொள்ளத் தக்கதன்று என்பது அவர்கள் கருத்து. அபிஷேகம் நின்றுபோன பின் நடப்பவற்றைக் கவனித்தால் இதுவும் நில்லாது. பட்டியலில் எண்ணப்பட்ட பொருள்கள் எண்ணப்பட்டபடியே வந்து நிற்கின்றன. அவற்றை ஏற்கவேண்டியவர் மரவுரி உடுக்கிறார். தயாரிப்பு குறைவற்றதாக இருந்தாலன்றி அந்த இழப்பு புலப்படாது. ஆகவே பட்டியல் காவியத்தின் உயிர்நிலைகளுள் ஒன்று. அதில் ஒரு பொருள் இல்லையெனில் அந்த இன்மைக்கும் பொருள் உண்டு.

3. 'திருவபிஷேகம்' என்னும் சொல்

நம் வ்யாக்யாதாக்களுடைய பரிபாஷை இங்கே வழி காட்டுகிறது. திவ்ய ப்ரபந்தத்தில் எம்பெருமானுடைய முடி வருமிடங்களில் பெரியவாச்சான் பிள்ளை முதலானோர் அதைத் 'திருவபிஷேகம்' என்றே ஸாதிப்பார்கள். நீராட்டும் க்ரியையின் பெயர் தலையில் தரிக்கும் ஆபரணத்துக்கு ஆகிவந்தது. 'ஆதிராஜ்ய ஸூசகம்' என்று அதற்கு அடைமொழியும் இடுவார்கள். ஸூசகமாவது குறிப்பது. முடி அரசை உண்டாக்குவதில்லை; முன்பே உண்டான அரசைக் காட்டுகிறது. உண்டாக்குவது நீர். நீரின் பெயரை வாங்கிக்கொண்டு முடி விளங்குகிறது. இந்த வழக்கை வெறும் பேச்சு மரபு என்று தள்ளலாகாது. எது ப்ரதானம், எது அதைச் சார்ந்து நிற்பது என்ற நிர்ணயம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

யுத்த காண்டத்தின் க்ரமமும் இதுவே. ஸுக்ரீவன் ரத்னம் இழைத்த நான்கு பொற்குடங்களைக் கொடுக்க, வானர வீரர்கள் நான்கு கடல்களிலிருந்தும் ஐந்நூறு நதிகளிலிருந்தும் நீர் கொணர்கிறார்கள். வஸிஷ்டரும் வாமதேவர் முதலிய மற்ற எழுவரும், வஸுக்கள் இந்த்ரனை நீராட்டினாற்போல் பெருமாளை நீராட்டுகிறார்கள். முடி வருவது அதற்குப் பின்பே. தென்னாட்டில் ஓதப்படும் பாடத்தில், ப்ரஹ்மாவால் செய்யப்பட்டதும், மனுவும் அவன் வழியில் வந்த அரசர்களும் முறையே சூடியதுமான கிரீடம் ஸபையில் பீடத்தின்மேல் எழுந்தருளப் பண்ணப்பட்டு, வஸிஷ்டரால் சூட்டப்படுகிறது. அயோத்யா காண்டத்துப் பட்டியல் நீராட்டத்துக்கு வேண்டிய ஸம்பாரப் பட்டியல். ஆகையால் அதில் முடிக்கு இடமில்லை. முடி தயாரிக்கப்பட வேண்டிய பொருளும் அன்று. அது முன்னோரிடமிருந்து வந்த பொருள். காக்கப்பட வேண்டியது, உரிய வேளையில் உரியவரிடம் சேர்க்கப்பட வேண்டியது.

கம்பநாட்டாழ்வாரும் இந்தக் கடைசிச் செய்தியைக் கூர்ந்து கண்டவர். அவருடைய முடிசூட்டுப் படலத்தில் அநுமன் அரியணையைத் தாங்க, அங்கதன் உடைவாள் ஏந்த, பரதன் வெண்குடை கவிக்க, முடியைத் தம்மை ஆதரித்த சடையனுடைய மரபோரின் கையில் வைக்கிறார். அவர்கள் எடுத்துக் கொடுக்க, வஸிஷ்டர் வாங்கிப் புனைகிறார். கவி தம்மைப் புரந்தவனுக்கு நன்றி செலுத்தினார் என்பது எல்லாரும் சொல்வது; மெய்யும்கூட. ஆனால் அந்த நன்றியைச் செலுத்துவதற்கு அவர் தேர்ந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். முடியைத் தரிக்கும் இடமும் அன்று, சூட்டும் இடமும் அன்று. காத்திருந்து எடுத்துக் கொடுக்கும் இடம். எங்கள் ஊரிலிருந்து வெகுதூரமில்லாத திருவெண்ணெய்நல்லூர்க்காரருக்கு மஹாகவி அளித்த பெருமை, தமக்கு உரிமையில்லாத ஒன்றைக் கைகூசாமல் கொடுத்தவர்கள் என்னும் பெருமையே.

4. பரதாழ்வான் ஒப்புவித்த கணக்கு

அந்தப் பதினான்கு ஆண்டுகள் முடி எங்கே இருந்தது என்பதை வால்மீகி பகவான் சொல்லவில்லை. எது காக்கப்பட்டது என்பதைச் சொல்கிறார். பொன் அணிந்த பாதுகைகளைப் பரதாழ்வான் தலைமேல் தாங்கி நந்திக்ராமத்தில் எழுந்தருளப் பண்ணுகிறான். அவற்றுக்கு அபிஷேகம் செய்கிறான், குடை பிடிக்கிறான், அரச காரியங்களை அவற்றினிடம் விண்ணப்பித்தே நடத்துகிறான். இந்த ராஜ்யம் தமையனார் தன்னிடம் வைத்த ந்யாஸம், அதாவது அடைக்கலப் பொருள், என்று வாய்விட்டுச் சொல்கிறான். முடிக்குரிய மரியாதை யாவும் பாதுகைக்கு நடக்கிறது. முடிக்குப் பதிலாகப் பாதுகை என்று இதைச் சொல்வது உபந்யாஸ வழக்கு. மேலே சொன்ன நிர்ணயத்தின்படி அது பதிலன்று. முடி குறிப்பது எதையோ, அதையே பாதுகை நேராகக் கொண்டிருந்தது.

பெருமாள் மீண்டு எழுந்தருளியபோது பரதன் செய்தவற்றின் வரிசை நோக்கத்தக்கது. முதலில் பாதுகைகளைத் திருவடிகளிற் சேர்க்கிறான். அடுத்து, ந்யாஸமாக இருந்த ராஜ்யத்தைத் திருப்பித் தந்தேன் என்கிறான். அதற்கும் பின்பு, கோசத்தையும் களஞ்சியத்தையும் நகரத்தையும் சேனையையும் பார்வையிட்டருள வேண்டும், தேவரீருடைய தேஜஸ்ஸினாலே எல்லாம் பத்து மடங்காக ஆயின என்று விண்ணப்பிக்கிறான்.

இந்தக் கடைசிச் செய்தி பலருக்கு இடறலாக இருக்கிறது. மரவுரி உடுத்துச் சடை தரித்துக் கிடந்த பரம ஸாத்விகன், தமையனைக் கண்ட ஆனந்தத்தின் நடுவே கருவூலக் கணக்குப் பேசலாமா, பத்து மடங்கு என்பது தற்புகழ்ச்சியாகாதா என்று கேட்பார்கள். தம்முடைய பொருளைப் பற்றிப் பேசுபவனுக்கே தற்புகழ்ச்சி கூடும். அடைக்கலம் காத்தவனுக்கோ எண்ணிக் கொடுப்பது கடமை. கேட்கும்வரை காத்திராமல், ஐயப்படாத தமையனிடத்தில் தானே முன்வந்து, பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறான். பெருக்கத்தின் காரணத்தையும் தன்மேல் ஏறிட்டுக் கொள்ளவில்லை. பாரதந்த்ர்யம் என்பதைக் கைகட்டி நிற்பதாக மட்டும் அறிந்தவர்களுக்கு இந்த இடம் புதிதாக இருக்கும். தன்னுடையதன்று என்ற ஞானம் கணக்கில் வந்து முற்றுப்பெறுகிறது.

ஸ்வாமி தேசிகன் இதை அதிகாரப் பிரிவாகவே அமைத்தருளினார். முப்பத்திரண்டு பத்ததிகளும் 1008 ச்லோகங்களும் கொண்ட பாதுகா ஸஹஸ்ரத்தில் அதிகார பரிக்ரஹ பத்ததி, அபிஷேக பத்ததி, நிர்யாதநா பத்ததி ஆகியன ஆறாவதும் ஏழாவதும் எட்டாவதுமாக அடுத்தடுத்து வருகின்றன. பொறுப்பேற்றல், நீராட்டப்பெறுதல், திருப்பித் தருதல் என்பது அந்த வரிசை. நிர்யாதநம் என்பது அடைக்கலப் பொருளை உரியவரிடம் சேர்ப்பதைக் குறிக்கும் சொல். வால்மீகி பரதன் வாயில் வைத்த வினையின் பெயரே பத்ததிக்குத் தலைப்பாயிற்று. அபிஷேகத்தோடு முடித்துவிடாமல் திருப்பித் தருதலையும் தனிப் பத்ததியாக்கினதிலே ஆசார்யனுடைய திருவுள்ளம் தெளிவாகிறது.

அதே நூலில் ரத்ந ஸாமாந்யம், பஹுரத்நம், பத்மராகம், முக்தா, மரகதம், இந்த்ரநீலம் என்று ஆறு பத்ததிகள் பாதுகையின் மணிகளுக்காகவே ஒதுக்கப்பட்டன. பொன்னுக்கென்று காஞ்சந பத்ததி வேறு. இவற்றைக் கவியின் சொற்செல்வக் காட்சி என்று கடந்துபோவது வழக்கம். கெம்பு, முத்து, பச்சை, நீலம் என்று இனம் பிரித்து ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்ப்பது கருவூலத்தில் மணி பார்ப்பவனுடைய ஒழுங்கும் ஆகும். அர்த்தசாஸ்த்ரத்தில் கோசத்தில் சேரும் ரத்னங்களைப் பரீக்ஷிப்பதற்கென்று ஒரு தனி அத்யாயம் உண்டு. முத்தும் மணியும் வைரமும் பவழமும் அங்கே இனமினமாக ஆராயப்படுகின்றன. ஒன்று விலைக்காக எண்ணுகிறது. மற்றது ஈடுபாட்டினால் எண்ணுகிறது. எண்ணாமல் விடுவது இரண்டிலும் இல்லை.

5. காவலின் இலக்கணம்

அந்த நூலே கோசக்ருஹம் கட்டும் முறையையும் சொல்கிறது. நீர்க்கசிவற்ற சதுரக் குழி தோண்டி, அடியிலும் பக்கங்களிலும் கற்பலகை பாவி, உள்ளே வலிய மரக்கூடு அமைத்து, ஒரே வாயிலும் பொறியோடு கூடிய படிகளும் வைத்து, மேலே தெய்வ உருவத்தால் மூடவேண்டும் என்கிறது. நூறு ஆண்டுக்கு முந்தைய வரவைக் கேட்டாலும் ஸந்நிதாதா என்னும் அதிகாரி தடுமாறாமல் சொல்ல வல்லவனாயிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கல்லும் மரமும் பூட்டும் போதுமென்று விடாமல், தெய்வத்தையும் கணக்கையும் சேர்த்தபோதுதான் காவல் நிறைகிறது என்பது இதன் தாத்பர்யம். வஸிஷ்டர் ஸம்பாரங்களைக் கருவூலத்தில் சேர்க்கச் சொல்லாமல் அக்நி சாலையில் சேர்க்கச் சொன்னதும் இவ்வகையிலே பொருந்தும். அக்நி ஸாக்ஷியாக எண்ணி வைத்த பொருளில் கைவைக்கத் துணிபவர் அரியர்.

தமிழ்நாட்டிலே முடி காவலைப் பற்றிய மிகத் தெளிவான செய்தி பெரிய புராணத்தில் இருக்கிறது. பாடல் பெற்ற வடுகூராகிய திருவாண்டார்கோயிலில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. களந்தைத் தலைவரான கூற்றுவர் பல நாடுகளை வென்று, அரச சின்னங்களில் முடியொன்று நீங்கலாக எல்லாம் பெற்றார். தில்லைவாழந்தணர்களிடம் முடி சூட்ட வேண்டினார். சோழர் குலத்தார்க்கன்றிச் சூட்டமாட்டோம் என்று அவர்கள் மறுத்தார்கள். அவருடைய வலிமைக்கு அஞ்சிச் சேர நாட்டுக்குப் புறப்பட்டார்கள். புறப்படும்போது முடியைக் காப்பதற்குத் தங்களில் ஒரு குடியை மட்டும் தில்லையில் நிறுத்திவிட்டுச் சென்றார்கள். கூற்றுவர் இறைவன் திருவடியையே முடியாக வேண்டிக் கனவில் பெற்றார் என்கிறார் சேக்கிழார். திருவடி நிலை பொறித்த ஸ்ரீசடகோபத்தைச் சிரஸ்ஸில் ஏற்கும் நமக்கு, அடியே முடியாகும் என்பது புதிய பொருளன்று. ஆனால் அந்தச் சரித்ரத்தில் என் மனம் நிற்பது பெயர் சொல்லப்படாத அந்த ஒரு குடியின்மேல். மற்றவர் யாவரும் போனபின், கேட்பவன் வாளோடு நிற்க, தங்களுடையதல்லாத ஒன்றைக் காத்துக்கொண்டு அவர்கள் இருந்தார்கள்.

கடல் கடந்த நாட்டிலும் இதற்கு ஒத்த ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தில் 1649-இல் முதலாம் சார்லஸ் அரசன் கொல்லப்பட்டபின், அரச முடி உருக்கப்பட்டது. அபிஷேக தைலம் எடுப்பதற்கான 12-ஆம் நூற்றாண்டுக் கரண்டியொன்றை, அவ்வரசனுடைய ஆடையறைப் பொறுப்பிலிருந்த கிளமென்ட் கின்னர்ஸ்லி என்பவர் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்து, இரண்டாம் சார்லஸ் மீண்டு வந்தபோது திருப்பிக் கொடுத்தார். முடி 1661-இல் புதிதாகச் செய்யப்பட்டது. அந்த முடியே லண்டன் கோபுரத்தில் காக்கப்பட்டு, 2023 மே 6 அன்று நடந்த பட்டாபிஷேகத்துக்கு முன்பு, சூடுபவருக்கு ஏற்பத் திருத்துவதற்காக 2022 டிசம்பரில் வெளியே எடுக்கப்பட்டது. முடியை உருக்கலாம், மீண்டும் செய்யலாம், அளவும் மாற்றலாம். அபிஷேகத்துக்குரிய பாத்ரமோ ஒரு பணியாளருடைய நாணயத்தால் தப்பித் திரும்பி வந்தது. நம் ஸம்ப்ரதாயச் சொல் செய்த நிர்ணயத்துக்கு இது அயலிடத்து ஸாக்ஷி.

6. வைரமுடியும் குலசேகரப் பெருமாளும்

இனி நம் காலத்துக்கு வருவோம். திருநாராயணபுரத்தில் செல்லப்பிள்ளைக்கு ஆண்டுக்கொருமுறை சாற்றப்படும் வைரமுடி, மற்ற நாட்களில் மண்டியா மாவட்டக் கருவூலத்தில் இருக்கிறது. விரோசனன் கவர்ந்து சென்றதைப் பெரிய திருவடி மீட்டுக் கொணர்ந்தது என்பது அதன் ஐதிஹ்யம். உத்ஸவ நாளில் அது ராஜமுடியோடு கருவூலத்திலிருந்து வெளிவந்து, போலீஸ் காவலோடு மேல்கோட்டைக்கு எழுந்தருளுகிறது. வழியெங்கும் ஊரார் எதிர்கொண்டு ஸேவிக்கிறார்கள். பகலொளி படாதபடி இரவிலே, உடையவர் ஸந்நிதி முன்பு சாற்றப்படுகிறது. ராஜமுடி மைசூரை 1578 முதல் 1617 வரை ஆண்ட ராஜ உடையாருடைய ஸமர்ப்பணம். பின்னாளில் மூன்றாம் க்ருஷ்ணராஜ உடையாரும் தம் பெயரால் ஒரு முடி ஸமர்ப்பித்தார். முடி சூடிய குலம் முடிக்குரியவன் யார் என்பதை அறிந்து செய்த செயல்கள் இவை.

இங்கே ஒரு ஆக்ஷேபம் அடிக்கடி எழுகிறது. எம்பெருமானுடைய முடி அரசாங்கக் கருவூலத்தில் கிடப்பதும், திருவாபரணங்களை வெளியார் வந்து எண்ணிப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பதும் பாகவதர்களை ஐயப்படுவதாகாதா? இதற்கு ப்ரமாணமாகக் குலசேகராழ்வாருடைய சரித்ரத்தை எடுத்துக் காட்டுவார்கள். ஆழ்வார் அரங்கத்துக்குப் புறப்பட்டுவிடுவார் என்று அஞ்சிய மந்த்ரிகள், அவருடைய பெருமாளுக்குரிய ஆரத்தை மறைத்துவிட்டு, அரண்மனையில் பழகும் வைஷ்ணவர்கள் களவாடினார்கள் என்றார்கள். பரனுடைய அன்பர் அது செய்யார் என்று ஆழ்வார் பாம்பிருந்த குடத்தில் கையிட்டு ஸத்யம் செய்தார், பாம்பு தீண்டவில்லை, மந்த்ரிகள் ஆரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். குருபரம்பரையில் நாம் எல்லாரும் அறிந்த வ்ருத்தாந்தம். இதைச் சொல்லி, 'பாகவதர்மேல் ஐயமா?' என்று கேட்டுவிட்டால் பிறகு யாரும் வாய்திறப்பதில்லை.

அந்த வ்ருத்தாந்தத்தை மீண்டும் நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். பழி சுமத்தப்பட்டவர்கள் யார்? உள்ளே வந்து ஸேவித்துப் போகும் வைஷ்ணவர்கள். அவர்கள் கையில் சாவியில்லை. எடுத்தவர்கள் யார்? அரண்மனைப் பொறுப்பில் இருந்தவர்கள். பூட்டை உடைத்து வந்த களவு அன்று அது. காவலின் உள்ளேயிருந்தே நிகழ்ந்தது. ஆகவே, ஸந்நிதிச் சாவியை வைத்திருக்கும் குடும்பங்களாகிய நாம் அந்த வ்ருத்தாந்தத்தில் வைஷ்ணவர்கள் நிற்கும் இடத்தில் நம்மை நிறுத்திக் கொள்வது பிழையான பாடம். நாம் நிற்பது மந்த்ரிகளுடைய இடத்தில். ஆழ்வார் கையிட்டது கணக்குக் கேட்பதைத் தடுப்பதற்காக அன்று. காவலர்கள் தங்கள் பொறுப்பை மற்றவர் தலையில் ஏற்றியதை நீக்குவதற்காக. அந்த ஸத்யத்தின் முடிவில் நடந்தது என்ன? ஆரம் திரும்பி வந்தது. நிர்யாதநத்திலேதான் அந்தக் கதையும் முடிகிறது.

சொந்தச் செய்தியொன்றை இவ்விடத்தில் சொல்ல நேர்கிறது. அடியேன் இளவயதில் ராமாயணம் கேட்டது தகப்பனாரிடம். திருவாபரணப் பெட்டியின் சாவியும் அவரிடம் இருந்தது. ஒரு உத்ஸவத்துக்காகப் பெட்டியைத் திறந்தபோது, பதக்கம் ஒன்றில் ஒரு சிறு கெம்பு இல்லை. அரக்கு தளர்ந்து எப்போதோ உதிர்ந்திருக்கலாம். அடுத்த ஆண்டு கழிந்தாலும் யாருக்கும் தெரிந்திராது. தகப்பனார் அன்று மாலையே ஊரார் கூடியிருக்கையில் பட்டியலை முழுவதும் வாசித்து, குறைந்த கல்லை வாயால் சொல்லி, எழுதியும் வைத்தார். உறவினர் ஒருவர், நம் வீட்டின்மேல் நாமே பழி தேடிக்கொண்டோம் என்று குலசேகரப் பெருமாள் கதையைச் சொல்லிக் கடிந்துகொண்டார். தகப்பனார் சொன்னது இவ்வளவே: 'பரதன் பத்து மடங்கு என்று சொன்னான். நமக்கு ஒரு கல் குறைகிறது. இரண்டுக்கும் சொல்லுகிற இடம் ஒன்றுதான்.' சில காலம் வீதியில் பேச்சு இருந்தது. அதற்குப்பின் பெட்டி திறக்கும் நாளில் பட்டியல் வாசிக்கும்போது ஊரார் தாங்களாகவே வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

7. ஸித்தாந்தம்

இது புதுமையன்று, பழைய வழக்கமே என்பதற்குக் கல் ஸாக்ஷி உண்டு. முதலாம் ராஜராஜன் தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டில், தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவையும், தமக்கையார் கொடுத்தவையும், தேவிமார் கொடுத்தவையும், பிறர் கொடுத்தவையும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்று ஆணையிட்டான். அக்கல்வெட்டுக்களில் நகைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணியைத் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்து எழுதினார்கள். முத்துக்களை இனம் பிரித்து எண்ணினார்கள். மணிகளில் இருந்த குற்றங்களையும் மறைக்கவில்லை. கொடுத்தவன் சக்ரவர்த்தி, வாங்கியவன் எம்பெருமான் என்று அவர்கள் கொண்ட தெய்வம். இருந்தும் வெளிச்சுவரில், வருகிறவன் போகிறவன் வாசிக்கும் இடத்தில் எண்ணிக்கை நின்றது. அதனால் யாருடைய பக்திக்கும் குறைவு நேர்ந்ததாக அவர்கள் எண்ணவில்லை.

எங்கள் அண்டை ஊரான திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயிலிலும் முதலாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டொன்று அங்கு நடந்த வித்யாசாலையின் ஏற்பாடுகளைச் சொல்கிறது. வேதம், வ்யாகரணம், மனு, வைகாநஸம் ஆகியவற்றோடு ராமாயணமும் பாரதமும் அங்கே சொல்லப்பட்டன. கற்பிப்பவர்க்கும் கற்பவர்க்கும் அளக்கவேண்டிய நெல் கணக்காக எழுதப்பட்டது. பரதன் ஒப்புவித்த கணக்கை உள்ளே சொல்லிக் கொடுத்தவர்கள், தங்களுக்கு அளந்த நெல்லின் கணக்கைச் சுவரிலே கண்டுகொண்டே சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆகவே இவ்விசாரத்தில் தேறுவன: அயோத்யா காண்டத்துப் பட்டியலில் முடி இல்லாமை மறதியன்று, அபிஷேகம் ப்ரதானம், முடி அதன் ஸூசகம் என்ற நிர்ணயத்தின் விளைவு. முடியைப் பற்றிய கடமை அதைக் காப்பதும் உரியவரிடம் சேர்ப்பதும். காவல் என்பது பூட்டிவைப்பதோடு முடியாது. எண்ணி ஒப்புவிப்பதோடு முடிகிறது. பரம்பரையாகச் சாவி வைத்திருப்பது உரிமை என்று சொல்லப்படுகிறது. பரதாழ்வானுக்குப் பதினான்கு ஆண்டும் அது ந்யாஸமாகவே இருந்தது. நமக்குப் பதினான்கு தலைமுறையானாலும் அதுவே. பெட்டி திறக்கும்போது ஒருமுறை, மூடும்போது ஒருமுறை, ஸேவார்த்திகள் காதில் விழும்படி பட்டியலை வாசிக்கும் வழக்கம் விட்டுப்போன ஸந்நிதிகளில் அதை மீண்டும் தொடங்குவது நம் கையில் இருக்கிறது. அதற்கு யாருடைய ஆணையும் வரவேண்டுவதில்லை.

குலசேகரப் பெருமாள் தம் திருமொழியின் நான்காம் பதிகத்தில் அரச செல்வத்தை வேண்டாமென்று தள்ளி, திருவேங்கடமுடையான் ஸந்நிதியில் படியாய்க் கிடக்க ஆசைப்பட்டார். அதனால் கர்ப்பக்ருஹத்து வாசற்படிக்கு அவர் பெயரே வழங்குகிறது. திருவாபரணப் பெட்டியை ஏந்தி உள்ளே போகும்போதும், களைந்து எடுத்து வெளியே வரும்போதும் நாம் தாண்டுவது அந்தப் படியை. முடியைத் தாமே வேண்டாமென்றவர் அங்கே கிடக்கிறார். அவரைத் தாண்டி எடுத்துச் செல்லும் பெட்டியில் ஒரு கெம்பு குறைந்தாலும் அதைச் சொல்லிவிட்டே தாண்டவேண்டும். பெரியோர் இதில் குற்றம் கண்டால் திருத்தியருள வேணும்.